வெளுத்ததெல்லாம் மாவுப்பூச்சி அல்ல

கேள்வி: ஐயா, வணக்கம். குன்னூரில் எங்கள் வீட்டு முன்புறம் மாமனார் காலத்தில் நட்ட கேமிலியாச் செடிகள் ஆறு, வேலி போல நிற்கின்றன. இரண்டு ஆண்டுகளாக இலைகளின் மேற்புறத்தில் மஞ்சள் புள்ளிகள் தோன்றுகின்றன. அடிப்புறத்தில் வெள்ளைப் பஞ்சு போலவும், அதனிடையே கறுப்புத் துணுக்குகளாகவும் ஏதோ படிந்திருக்கிறது. வெள்ளை மாவுப்பூச்சி, கறுப்பு பூஞ்சாணம் என்று சொல்லி நர்சரிக்காரர் இரண்டுக்கும் தனித்தனி மருந்து கொடுத்தார். வேரில் இமிடாகுளோபிரிட் ஒருமுறை ஊற்றினோம். தெளிப்பு நான்கு முறை ஆயிற்று. வெள்ளை அப்படியே இருக்கிறது. ரோஜாத் தண்டுகளிலும் தேங்காய்த் துருவல் தூவியது போல வெள்ளையாக இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வாங்கி வந்த கார்டீனியாத் தொட்டியில் பச்சையாய் ஏதோ ஒட்டிக்கொண்டு, எறும்பும் ஏறுகிறது. மூன்றும் ஒரே பூச்சிதானா? செடிகளைப் பிடுங்கிவிட வேண்டுமா? வீட்டின் பின்னால் தேயிலைத் தோட்டம் இருக்கிறது; அதற்குப் பரவுமா? மூன்றிலிருந்தும் மாதிரி எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
— ஓய்வு பெற்ற ஆசிரியை, குன்னூர்

பதில்:

அன்புடைய அம்மையீர், வணக்கம்.

தீப்பெட்டிகள் மூன்றும் நசுங்காமல் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றின் மேலும் செடியின் பெயரையும் பறித்த நாளையும் எழுதி ஒட்டியிருந்தீர்கள். முப்பது ஆண்டுகளாக எனக்கு வரும் மாதிரிகளில் பத்தில் ஒன்றுகூட இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. முதலில் உங்கள் கவலைக்கு விடை சொல்லிவிடுகிறேன். எந்தச் செடியையும் பிடுங்க வேண்டாம். மூன்றும் செதில் பூச்சி என்ற ஒரே பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை என்றாலும், மூன்றும் ஒரே பூச்சி அல்ல. கேமிலியாவிலும் ரோஜாவிலும் இருப்பவை கவசச் செதில் பூச்சிகள், கார்டீனியாவில் இருப்பது மென் செதில் பூச்சி. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் போனதால்தான் உங்கள் பணமும் உழைப்பும் வீணாயின.

கேமிலியா இலையைக் கவிழ்த்து, சன்னலோர வெளிச்சத்தில் வைத்து, பத்து மடங்கு பெருக்கும் கை லென்ஸால் பார்த்தேன். நடு நரம்பை ஒட்டி, ஒன்றரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத, கவிழ்த்து வைத்த தோணி போன்ற கரும்பழுப்பு ஓடுகள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் நீளவாக்கில் மெல்லிய வரம்பு ஒன்று ஓடியது. அவற்றைச் சுற்றி, அவற்றைவிடச் சிறியதாகவும் ஒடுக்கமாகவும் வெண்ணிறக் கூடுகள் நெருக்கமாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் மூன்று வரம்புகள். அந்த வெள்ளைக் கூடுகளுக்கிடையே மெழுகு இழைகள் பின்னிக் கிடந்ததால்தான் உங்கள் கண்ணுக்குப் பஞ்சு போலத் தெரிந்திருக்கிறது. நர்சரிக்காரர் வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று என்று இரண்டு நோயாகப் பிரித்துவிட்டார். உண்மையில் கறுப்புத் தோணி பெண், வெள்ளைக் கூடு ஆண். இரண்டும் ஒரே பூச்சி. ஒரே குடும்பத்தின் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியாக இரண்டு மருந்துகள் வாங்கியிருக்கிறீர்கள்.

இதன் பெயர் தேயிலைச் செதில் பூச்சி. அறிவியல் பெயர் ஃபியோரினியா தியே. இலங்கையில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்து பின்னர் அரசுப் பூச்சியியலாளரான எட்வர்ட் எர்னஸ்ட் கிரீன் 1900ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டார். பெயரில் தேயிலை இருப்பதைக் கண்டு வியக்க வேண்டாம். உங்கள் முன்வாசல் கேமிலியாவும் பின்புறத்துத் தேயிலையும் ஒரே பேரினத்துச் செடிகள். ஒன்றைப் பூவுக்காக வளர்க்கிறோம், மற்றொன்றைக் கொழுந்துக்காக வளர்க்கிறோம், அவ்வளவுதான்.

செதில் பூச்சிகளில் இதுவரை பெயரிடப்பட்டவை உலகெங்கும் ஏறத்தாழ 8,000. அவற்றுள் 2,500க்கும் மேற்பட்டவை கவசச் செதில் குடும்பத்தைச் சேர்ந்தவை. முத்திரை அரக்கைத் தருவதும் இந்தப் பெருங்கூட்டத்தில் ஒன்று. சப்பாத்திக்கள்ளியை அழித்துச் சிவப்புச் சாயம் தருவதும் ஒன்று. நீங்கள் அறிந்த மாவுப்பூச்சியும் இவற்றுக்குப் பங்காளிதான். எனவே உறவை வைத்து அடையாளம் காண முயன்றால் குழப்பமே மிஞ்சும். தோட்டக்காரர் பார்க்க வேண்டியவை வேறு.

முதலாவது, ஓடு உடம்போடு ஒட்டியிருக்கிறதா என்பது. கவசச் செதில் பூச்சி, தான் சுரக்கும் மெழுகையும் தான் உரித்த தோலையும் சேர்த்துத் தலைக்கு மேல் ஒரு கூரை வேய்ந்துகொள்கிறது. அந்தக் கூரை வேறு, உடம்பு வேறு. தையல் ஊசியின் முனையை ஓரத்தில் நுழைத்து மெல்ல நெம்பினால் மூடி மட்டும் தனியே எழும்பி வரும். அடியில், காலும் இல்லாமல் இறக்கையும் இல்லாமல், மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு சதைத் துணுக்கு இலையிலேயே தங்கிவிடும். நீங்கள் அனுப்பிய ரோஜாத் தண்டில் இதை எளிதாகச் செய்து பார்க்கலாம். அங்கே பெண்ணின் மூடி வட்டமாக, வெண்மையாக, இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும்; அதன் ஓரத்தில் பழுப்பு நிறப் புள்ளி போலத் தெரிவது, குஞ்சாக இருந்தபோது உரித்த தோல். பெண் பூச்சி இரண்டு முறை தோலுரிப்பதால் அதன் மூடியில் இரண்டு தோல்கள் இருக்கும், ஆணின் மூடியில் ஒன்று மட்டுமே இருக்கும். மூடியைத் தூக்கியதும் அடியில் ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறத்தில் உடம்பு தெரியும். இது ரோஜாச் செதில் பூச்சி, அதாவது ஆலகாஸ்பிஸ் ரோசே. தேங்காய்த் துருவல் என்று நீங்கள் எழுதியது மிகப் பொருத்தமான உவமை; அந்தத் துருவல் பெரும்பாலும் ஆண்களின் கூடுகளே.

மென் செதில் பூச்சியில் இப்படிப் பிரியாது. அதன் முதுகுத் தோலே தடித்து ஓடாகியிருப்பதால், நெம்பினால் முழுப் பூச்சியும் புரண்டுவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கேமிலியாவின் பெண் பூச்சியில் ஊசிச் சோதனை உங்களை ஏமாற்றும். ஃபியோரினியா பேரினத்துக்கே உரிய வழக்கப்படி, இந்தப் பெண் தன் இரண்டாவது தோலை உரித்தாலும் அதைவிட்டு வெளியே வருவதில்லை. அந்தத் தோலையே பெட்டியாக்கி, அதற்குள்ளேயே வாழ்ந்து, அதற்குள்ளேயே முட்டையிட்டு, அங்கேயே இறந்தும் போகிறது. ஆகவே ஊசியால் நெம்பும்போது தோணி முழுதாகக் கழன்று வரும்; அடியில் ஒன்றும் தெரியாது. மென் செதில் என்றோ செத்த ஓடு என்றோ முடிவுகட்டிவிடாமல், அந்தத் தோணியை ஒரு கறுப்புத் தாளில் போட்டு ஊசியால் உடைத்துப் பாருங்கள். உயிரோடிருந்தால் மஞ்சள் நிறச் சாறு கசியும், அல்லது எலுமிச்சை நிறத்தில் சில முட்டைகள் உருளும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது பிசுபிசுப்பு. மென் செதிலும் மாவுப்பூச்சியும் செடியின் சர்க்கரைச் சாறு ஓடும் குழாயில் வாய் வைப்பவை. தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையைத் தேன் போன்ற கழிவாக வெளியேற்றுகின்றன. அது இலையில் படியும், அதன் மேல் கரும்பூசணம் வளரும், அதைத் தேடி எறும்பு வரும். உங்கள் கார்டீனியாவில் நடப்பது இதுதான். அந்தப் பச்சைத் தட்டைப் பூச்சிகளின் முதுகில், லென்ஸில் பார்த்தால், ப வடிவத்தில் வளைந்த கறுப்புக் கோடு தெரிகிறது. காப்பித் தோட்டக்காரர்கள் நன்கறிந்த பச்சைச் செதில் பூச்சி, காக்கஸ் விரிடிஸ். கீழ்நாட்டிலிருந்து தொட்டியோடு மலையேறி வந்திருக்க வேண்டும். கவசச் செதிலோ சாற்றுக் குழாயைத் தொடுவதில்லை. தன் உடம்பைவிடப் பல மடங்கு நீளமான ஊசி வாயை இலைக்குள் செலுத்தி, பச்சையத்தோடு கூடிய உயிரணுக்களைத் தனித்தனியாகக் குத்தி வடிக்கிறது. அதனால் தேன் கழிவும் இல்லை, எறும்பும் இல்லை, கரும்பூசணமும் இல்லை. உங்கள் கேமிலியா இலையின் மேற்புறம் கையில் ஒட்டாமல் பளபளப்பாகவே இருந்தது. அந்தக் கறுப்பு பூஞ்சாணமாக இருக்க முடியாது என்பதற்கு அதுவே போதிய சான்று.

வேரில் ஊற்றிய மருந்து பலிக்காததற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. இமிடாகுளோபிரிட் செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்து; சாற்றுக் குழாயில் உறிஞ்சும் மென் செதிலையும் அசுவினியையும் அது நன்றாகவே கொல்லும். உயிரணுவை ஒவ்வொன்றாகக் குத்தும் கவசச் செதிலிடம் அதன் பலன் மிகக் குறைவு என்பது பூச்சியியலில் நெடுநாளாகத் தெரிந்த செய்தி. தெளித்த மருந்தோ மெழுகுக் கூரையின் மேல் பட்டு வழிந்துபோயிருக்கும்; மேலும் நான்கு தெளிப்பிலும் இலையின் அடிப்புறம் எவ்வளவு நனைந்தது என்பது ஐயமே. ஆளுயர வேலியில் தெளிப்பவர் பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கித்தான் அடிப்பார். பூச்சியோ குடைக்கடியில் நிற்பவரைப் போல நனையாமல் இருந்துவிடும்.

மருந்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். பூச்சிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்பதை உலகுக்கு முதலில் காட்டியதே ஒரு கவசச் செதில்தான். ஆப்பிள், பேரி, பிளம்ஸ் மரங்களைத் தாக்கும் சான் ஹோசே செதிலுக்குச் சுண்ணாம்பு-கந்தகக் கரைசல் முன்போலப் பலிக்கவில்லை என்று அமெரிக்கப் பூச்சியியலாளர் மெலாண்டர் 1914இல் எழுதினார். இன்று எந்தக் கடையிலும் கேட்கும் "மருந்துக்கு அடங்கவில்லை" என்ற பேச்சின் முதல் பதிவு அது. ஆனால் உங்கள் வீட்டில் நடந்தது அதுவன்று. அங்கே மருந்து பூச்சியைச் சென்று சேரவே இல்லை.

இனி, நீங்கள் கேட்காத ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: அங்கே ஒட்டியிருப்பவற்றுள் எத்தனை உயிரோடிருக்கின்றன? கவசச் செதில் செத்தாலும் அதன் ஓடு உதிராது. இலை விழும் வரை, சில வேளை ஓராண்டுக்கும் மேல், அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். இலையின் மேற்புறத்து மஞ்சள் புள்ளியும் அப்படித்தான். பூச்சி இறந்தாலும் பச்சை திரும்பாது. ஆகவே "வெள்ளை போகவில்லை" என்பதை அளவுகோலாக வைத்தால் ஆயுள் முழுவதும் தெளித்துக்கொண்டே இருக்கலாம். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொடைக்கானலில் ஒரு பங்களாத் தோட்டத்துச் செடிகளுக்கு மூன்று முறை மருந்தடிக்கச் சொன்னேன். பின்னர் வந்த மூத்த அலுவலர் ஒருவர் ஒரு கிளையை ஒடித்து, நகத்தால் நாலைந்து ஓடுகளைப் பெயர்த்து, ஒன்றும் பேசாமல் என் உள்ளங்கையில் வைத்தார். அத்தனையும் காலி. ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியது போல வட்டத் துளை. ஒட்டுண்ணிக் குளவி தின்று முடித்து வெளியேறிய வழி. நான் கொல்லச் சொன்னவை எல்லாம் ஏற்கெனவே செத்தவை. உயிரோடிருந்தவை அந்தக் குளவிகள்தான். என் மருந்து அவற்றைத்தான் கொன்றிருக்கும்.

உங்கள் கேமிலியா இலைகளில் ஐம்பது பெண் ஓடுகளை உடைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்று உலர்ந்து காலியாக இருந்தன. அவற்றில் ஏழில் குளவித் துளை. மீதிப் பத்தொன்பதில் உயிர் இருந்தது. தாக்குதல் அடங்கவில்லை, ஆனால் நீங்கள் அஞ்சும் அளவுக்கும் இல்லை. நீங்களும் இப்படி எண்ணிப் பார்க்கலாம். ஒரு செடியில் எல்லாப் பக்கத்திலிருந்தும் பத்து இலை எடுத்தால் போதும். உட்புறத்து, நிழல் படிந்த கீழ்க்கிளைகளின் இலைகளைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பூச்சி குடியேறுவது பெரும்பாலும் அங்கேதான்.

அடையாளத்தில் தவறு நேரக்கூடிய இன்னொரு இடத்தையும் காட்டிவிடுகிறேன். குன்னூர் மூடுபனியில் மண் ஈரம் மிகுந்தால் கேமிலியா இலையின் அடிப்புறத்தில் தக்கை போன்ற பழுப்புப் பொருக்குகள் எழும்பும். நீங்கள் அனுப்பிய ஆறு இலைகளில் ஒன்று அத்தகையது. அது பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. உறிஞ்சிய நீரை இலை ஆவியாக வெளியேற்ற முடியாமல் திசு வெடித்து ஆறிய வடு. நகத்தால் சுரண்டினால் செதில் பெயர்ந்து வரும், இது இலையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். தண்டின் பட்டையில் இயல்பாக உள்ள மூச்சுத் துளைப் புள்ளிகளையும் செதில் என்று எண்ணித் தேய்ப்பவர்கள் உண்டு.

செய்ய வேண்டியதற்கு வருகிறேன். கேமிலியாவில் பூ முடிந்தவுடன் கவாத்துச் செய்யுங்கள். தாமதித்தால் அடுத்த ஆண்டு மொட்டையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். உள்ளே நெருங்கிக் கிடக்கும் கிளைகளையும், தரையைத் தொடும் கிளைகளையும், மஞ்சள் பாய்ந்த பழைய இலைகளையும் நீக்கினாலே பூச்சியில் பெரும்பங்கு போய்விடும். காற்றும் தெளிப்பும் உள்ளே நுழைய வழியும் பிறக்கும். எஞ்சியவற்றுக்குத் தோட்டங்களில் பயன்படும் கனிம எண்ணெய் ஏற்றது. அது நஞ்சாக வேலை செய்வதில்லை. ஓட்டின் விளிம்பில் படர்ந்து பூச்சியை மூச்சுத் திணறச் செய்கிறது, எனவே கூரை இங்கே தடையாகாது. லிட்டருக்கு 10 முதல் 20 மில்லி வரை, உறையில் அச்சிட்ட அளவை மீறாமல் கலந்து, முதலில் ஒரே ஒரு கிளையில் தெளித்து ஒரு வாரம் பாருங்கள். இலை கருகாவிட்டால் மற்றவற்றுக்குத் தெளிக்கலாம். மூடுபனி இறங்கும் மாலையிலோ, உச்சி வெயிலிலோ, உறைபனி எதிர்பார்க்கும் நாளிலோ தெளிக்க வேண்டாம். கந்தக மருந்து தெளித்திருந்தால் ஒரு மாதமாவது இடைவெளி விடுங்கள். தெளிப்பான் முனையை மேல்நோக்கித் திருப்பி, கீழிருந்து அடிக்கச் சொல்லுங்கள்.

எப்போது தெளிப்பது என்பதே இதில் நுட்பமான பகுதி. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கும், முதிர்ந்து கூட்டைவிட்டு வெளிவரும் ஆணுக்கும் மட்டும்தான் கால் உண்டு. குஞ்சு ஓரிரு நாள் தவழ்ந்து, இடம் பிடித்து, வாயைச் செருகிய பின் முதல் தோலுரிப்போடு காலை இழந்து, அங்கேயே வேரூன்றிவிடும். கூரை வேயாத அந்தச் சில நாட்களில் வெறும் சோப்புக் கரைசலே அதற்கு எமன். லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு போதும். குஞ்சு வெளிவரும் நாளை அறிய, பென்சில் தடிமனுள்ள கிளை ஒன்றில் இருபுறமும் ஒட்டும் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, வாரம் ஒருமுறை லென்ஸால் பாருங்கள். மஞ்சள் தூசு போலப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அதுவே நேரம். வெயில் காலத்தில் ஒரு தலைமுறை ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முடியும், குளிரில் நீளும். தலைமுறைகள் ஒன்றன் மேல் ஒன்றாக வருவதால் ஒரே தெளிப்பில் முடிந்துவிடாது. பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று முறை தேவைப்படும்.

ரோஜாவுக்கு எளிய வழி உண்டு. வெள்ளை மூடிய முதிர்ந்த தண்டுகளை அடியோடு வெட்டிவிட்டு, மிஞ்சியவற்றைப் பழைய பல்துலக்கியால் சோப்பு நீர் தொட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். நாலைந்து ரோஜாச் செடிக்கு மருந்துக் கடைப் படியேற வேண்டியதில்லை. கார்டீனியாவில் முதலில் எறும்பைத் தடுங்கள். தேன் கழிவுக்காக எறும்பு செதிலுக்குக் காவல் நிற்பதால்தான் குளவியும் பொறிவண்டும் நெருங்க முடிவதில்லை. தொட்டியின் காலடியில் நீர்த்தட்டு வைத்து, செடியின் கிளை சுவரைத் தொடாதபடி நகர்த்தி, இலைகளை ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

இலைகளுக்கிடையே கறுப்பாகப் பளபளக்கும், பாதி மிளகு போன்ற சிறு பொறிவண்டைக் கண்டால் அதை விட்டுவிடுங்கள். கைலோகோரஸ் பேரினத்தைச் சேர்ந்த அது பெரும்பாலும் கவசச் செதிலையே உணவாகக் கொண்டது. இந்த மலைக்குப் பொறிவண்டின் உதவி புதிதன்று. 1928 வாக்கில் நீலகிரியின் சீகை (வாட்டில்) மரங்களில் பஞ்சு மெத்தைச் செதில் பூச்சி பெருகியபோது, வெளிநாட்டிலிருந்து ரொடோலியா என்ற பொறிவண்டை வரவழைத்து விட்டுத்தான் அதை அடக்கினார்கள்.

தேயிலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பூச்சி பரவக்கூடியதுதான், தேயிலை அதன் தாய்வீடு. ஆனால் அதற்கு வழி, காற்றில் பறக்கும் குஞ்சும், வெட்டிப் போட்ட கிளையும், ஆளின் உடையும் கத்தரிக்கோலும்தான். கவாத்துக் கழிவைப் பின்வேலிக்கு அப்பால் வீசாமல் அன்றே மண்ணில் ஆழப் புதையுங்கள். கேமிலியாவை வெட்டிய கத்தரிக்கோலோடு நேராகத் தேயிலைக்குள் யாரும் போக வேண்டாம். தோட்டக்காரரிடம் விவரத்தைச் சொல்லி, வேலியோரச் செடிகளின் இலையடியைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐயம் இருந்தால் குன்னூரிலேயே தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். நான் கூறியது லென்ஸில் பார்த்துச் சொன்ன அடையாளம். கவசச் செதிலின் இனத்தை ஐயமறத் தீர்மானிக்க, உடம்பைக் காரக் கரைசலில் தெளிய வைத்து, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் பதித்து, வால் முனைத் தட்டின் மடல்களை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தேயிலைச் செதிலின் தோணியும் ஆணின் மூன்று வரம்பும் ஓரளவு தனித்துவமானவை என்பதாலும், எந்தக் கவசச் செதிலானாலும் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை என்பதாலும், உங்கள் வீட்டுத் தேவைக்கு அந்த வேலை மிகை.

மே மாதம் புதுத் தளிர் முற்றியதும், இந்த ஆண்டு விட்ட இலைகளில் மட்டும் பத்தைப் பறித்து அனுப்புங்கள். பழைய இலை வேண்டாம். பாலிதீன் உறையில் வைத்தால் வியர்த்து அழுகிவிடும், செய்தித்தாளில் மடித்து இதே தீப்பெட்டிகளில் வையுங்கள்.